பட்டு என்பது எந்தப் பூச்சி?

புத்தலப்பட்டு என்று எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும், அங்கே பட்டு நெசவு உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே உள்ள இவ்வூரின் பெயரில் நிற்கும் 'பட்டு' துணியைக் குறிப்பதன்று. செங்கற்பட்டு, சேத்துப்பட்டு ஆகிய பெயர்களில் உள்ள அதே ஈறுதான் அது. சிற்றூர் என்னும் பொருளில் தமிழ்ப் பேரகராதி அதனைப் பதிவு செய்கிறது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை இப்பகுதி வட ஆர்க்காட்டோடு இருந்தது. ஆகவே ஊர்ப்பெயர் மரபு இன்றைய மாநில எல்லையைத் தாண்டித் தொடர்வதில் வியப்பில்லை. துணியாகிய பட்டு வேறு சொல். வடமொழியிலும் பிராகிருதத்திலும் துணிப்பட்டையையும் பலகையையும் தகட்டையும் குறித்த 'பட்ட' என்பதன் வழி வந்தது அது. பட்டம், பட்டயம் ஆகியவை அதன் உடன்பிறப்புகள்.

இந்த அளவோடு நின்றால் இது ஒப்புருச் சொற்கள் பற்றிய முதலாண்டுப் பாடம். சிக்கல் இதற்குப் பிறகே தொடங்குகிறது. துணியைக் குறிக்கும் 'பட்டு' என்ற ஒற்றைச் சொல் குறைந்தது நான்கு பூச்சிகளின் இழைகளைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது. பழந்தமிழ் நூலொன்றில் பட்டு என்று வரும்போது அது எந்தப் பூச்சியின் இழை? நம் உரைகளும் மொழிபெயர்ப்புகளும் இக்கேள்வியைக் கேட்காமலேயே ஒரு விடையை வைத்திருக்கின்றன: சீனத்து மல்பெரிப் பட்டு. அவ்விடை சரியாகவே இருக்கலாம். ஆனால் அதற்குச் சான்றாக முன்வைக்கப்படுவது பெரும்பாலும் சொல் மட்டுமே. ஒரு சொல் ஒரு பூச்சியை அடையாளம் காட்டுமா என்பதே இப்பதிவின் பொருள்.

முதலில் பூச்சிகளை அறிமுகம் செய்துவிடுகிறேன். மல்பெரி என்று நாம் வழங்கும் முசுக்கொட்டை இலையைத் தின்னும் பாம்பிக்ஸ் மோரி முற்றிலும் வீட்டுப் பிராணி. அதன் அந்துப்பூச்சியால் பறக்க இயலாது. மனிதன் இலை போடாவிட்டால் புழு பிழைக்காது. பலமனேர், குப்பம் பக்கங்களில் உழவர்கள் வளர்ப்பது இதனைத்தான். மற்ற மூன்றும் சாட்டர்னிடே என்னும் பெரும் அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மருத மரங்களிலும் சால மரத்திலும் இலந்தையிலும் வாழும் தசர். அசாமின் சோம், சோவாலு மரங்களில் வாழ்ந்து பொன்னிற இழை தரும் முகா. ஆமணக்கு இலையைத் தின்னும் எரி. எரியின் பெயர் ஆமணக்கைக் குறிக்கும் அசாமியச் சொல்லிலிருந்து வந்தது. 'ஏரண்ட' என்ற வடசொல்லின் வழி அது. அதாவது, பூச்சிக்குப் பெயர் வைத்தவர்கள் பூச்சியைப் பார்க்கவில்லை, அது தின்ற இலையைப் பார்த்தார்கள். இக்குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தமிழ்ச் சான்றுகள் தொகையில் குறைவு. பொருநராற்றுப்படையில் மன்னன் பரிசாகத் தருவது பட்டுடை. பட்டினப்பாலையில் இரவில் பட்டைக் களைந்து மெல்லிய துகிலை உடுத்துகிறார்கள். சிலப்பதிகாரம் புகார் நகரத்து நெசவாளர் கையாளும் பொருள்களைப் பட்டு, மயிர், பருத்தி என மூன்றாக வகுக்கிறது. அதன் உரையாசிரியர் அடியார்க்குநல்லார் துகில் வகைகளைப் பட்டியலிடும்போது கோசிகத்தில் தொடங்குகிறார். இவற்றுள் பட்டினப்பாலைச் செய்தி என்னை நெடுநாள் உறுத்தியது. களைந்துவிட்டு மெல்லியதை உடுத்தும் அளவுக்குப் பட்டு அங்கே கனமான துணியாக எண்ணப்படுகிறது. மல்பெரிப் பட்டையும் கனமாக நெய்யலாம் என்பது உண்மைதான். இருந்தாலும், இழையின் இயல்பிலேயே தடித்தது தசர். இதனை நான் சான்றாகக் கொள்ளவில்லை, ஐயமாக மட்டுமே முன்வைக்கிறேன்.

கோசிகம் என்ற சொல் இன்னும் சற்றுப் பேசுகிறது. 'கோச' என்றால் உறை, கூடு. கூட்டிலிருந்து வந்தது கௌசேயம். இன்று சத்தீஸ்கரிலும் ஒடிசாவின் சில பகுதிகளிலும் 'கோசா' என்றால் அது தசர்தான். மல்பெரியை யாரும் அப்படிச் சொல்வதில்லை. மாறாக நம் அண்டை மொழியான கன்னடம் மல்பெரிப் பட்டைப் பாரசீக வழி வந்த 'ரேஷ்மே' என்ற சொல்லால் அழைக்கிறது. உள்நாட்டுக் காட்டுக்கூட்டுக்கு உள்நாட்டுச் சொல், வந்த பொருளுக்கு வந்த சொல் என்று இதிலிருந்து ஒரு கோட்பாடு சமைக்க ஆசை எழும். அவ்வாசையை அடக்குவது நல்லது. பெயர் தொடர்ந்து வழங்குவதாலேயே அது சுட்டும் பொருளும் தொடர்ந்ததாக ஆகாது. தெலுங்கும் தமிழும் எல்லா வகைக்கும் பட்டு என்றே சொல்லிவருவது அதற்கு எடுத்துக்காட்டு.

அர்த்தசாத்திரம் இவ்வகையில் பெரும்பாலான நூல்களைவிடக் கவனமானது. (தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்திற்குக் கொடுத்த கிரந்த எழுத்துச் சுவடியிலிருந்தே 1909இல் சாமசாத்திரியார் அதைப் பதிப்பித்தார் என்பதை நம் மாணவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.) அந்நூல் 'பத்ரோர்ணம்', அதாவது இலைக்கம்பளி என்றொரு இழையைச் சொல்கிறது. மகதம், புண்டரம், சுவர்ணகுட்யம் ஆகிய நாடுகளில் கிடைப்பது. நாகமரம், லிகுசம், மகிழம், ஆல் ஆகியவை அதன் பிறப்பிடங்கள். மரத்திற்கு ஏற்ப இழையின் நிறம் மஞ்சள், கோதுமை நிறம், வெண்மை, வெண்ணெய் நிறம் என மாறுகிறது. கௌசேயமும் சீன நாட்டில் பிறக்கும் சீனப்பட்டும் இதைக் கொண்டே விளக்கப்பட்டதாகக் கொள்க என்று நூல் முடிக்கிறது. நூலின் காலம் பற்றிய விவாதம் நமக்கு இங்கே வேண்டாம். கவனிக்க வேண்டியவை இரண்டு. சீனப்பட்டு தனி வகையாக, பிறந்த நாட்டைச் சுட்டிய அடைமொழியோடு வைக்கப்படுகிறது. ஆக, அடைமொழியற்ற இழைகள் வேறு இருந்தன. மேலும், இழையை அடையாளம் காட்ட நூலாசிரியர் மேற்கொண்ட வழி மரமும் நிறமும். இன்றைய பூச்சியியலார் களத்தில் முதலில் கேட்பதும் அதே கேள்விதான்: எந்த மரத்தில் இருந்தது?

ஐரோப்பியர் கேட்ட முதற்கேள்வி அதுவாக இல்லை. அவர்களிடம் வந்து சேர்ந்தது மரமன்று, ஊசி குத்திய உலர்ந்த உடல். லின்னேயஸ் 1758இல் தம் நூலின் பத்தாம் பதிப்பில் 'பாஃபியா' என்ற பெயரை மிகச் சுருக்கமான விவரிப்போடு வெளியிட்டார். இலண்டனில் வெள்ளிவேலைத் தொழில் நடத்திய ட்ரூ ட்ரூரி என்னும் சேகரிப்பாளர், வண்ணப் படங்களோடு வெளியிட்ட தம் நூலின் வழி 1773இல் 'மைலிட்டா' என்ற பெயர் வந்தது. இவ்விரு பெயர்களும் இன்று வரை இந்தியத் தசர் பூச்சியின் மேல் அமர்ந்திருக்கின்றன. மொழியியல் படித்தவனுக்கு இங்கே ஒரு விருந்து காத்திருக்கிறது. பாஃபியா என்பது சைப்ரஸின் பாஃபோஸ் நகரத்து அஃப்ரொடைட்டி. மைலிட்டா என்பது அசீரியர் அதே அஃப்ரொடைட்டிக்கு வழங்கிய பெயர் என ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஒரே தெய்வத்தின் இரு நாட்டுப் பெயர்கள். அப்பூச்சிகளும் ஒன்றுதானா என்ற வழக்கு இருநூறு ஆண்டுகளாக நடக்கிறது.

ட்ரூரியின் பெட்டிகளில் இந்தியப் பூச்சிகளும் ஆப்பிரிக்கப் பூச்சிகளும் அருகருகே கிடந்தன. கப்பல் மருத்துவர்களும் மாலுமிகளும் கொண்டுவந்தவை அவை. 1771இல் ஹென்றி ஸ்மீத்மேன் என்பவரைச் சியேரா லியோனுக்கு அனுப்பியவர்களுள் ட்ரூரியும் ஒருவர். இப்படிச் சேர்ந்த பெட்டியில் ஒரு சிறகின் அழகு தெரியும். அது எந்தக் கூட்டிலிருந்து வந்தது, அக்கூட்டின் இழையை அவ்வூர் மக்கள் என்ன செய்தார்கள் என்பது தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள முயன்றவர் வில்லியம் ராக்ஸ்பர்க். 1781 முதல் கோதாவரிக் கழிமுகத்துச் சாமல்கோட்டையில் பணியாற்றி, 1793இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்திற்குச் சென்றவர் அவர். வங்காளத்தின் தசர், அரிண்டி புழுக்களைப் பற்றிய அவருடைய கட்டுரை இலண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் 1804இல் வெளிவந்தது. அரிண்டி என்பது ஆமணக்கின் இந்துஸ்தானிப் பெயர். நாம் இன்று எரி என்பது அதுவே. தாவரவியலர் என்பதால் அவருடைய எழுத்தில் பூச்சியோடு மரமும் வருகிறது. இலந்தையும் மருத மரமும் அதன் உணவு என்கிறார். வீட்டில் அடைத்து வளர்க்க முடியாத பிராணி என்கிறார். நாட்டார் கூடுகளைப் 'பகி', 'ஜாரு' எனப் பிரித்து வழங்கியதையும் குறித்துக்கொள்கிறார். என் கருத்தில், இந்தியக் காட்டுப்பட்டுக்கு அறிவியல் அடிப்படையில் அமைந்த முதல் நேர்மையான அறிமுகம் இதுவே. லத்தீன் பெயரை அவர் புதிதாகச் சூட்டவில்லை என்பதாலோ என்னவோ, பெயர்ப் பட்டியல்களில் அவர் அதிகம் காணப்படுவதில்லை.

அவருக்குப் பிறகு பெயர்கள் பெருகின. 1837இல் ஜொஹான் ஹெல்ஃபர் வங்காள ஆசியக் கழக ஏட்டில் முகாவுக்கு 'அசாமென்சிஸ்' என்று பெயர் வைத்தார். மூன்றாண்டுகளில் அவர் அந்தமானில் கொல்லப்பட்டார். அவர் வைத்த பெயருக்கு முன்னுரிமை இருந்தும், வெஸ்ட்வுட் பின்னர் வைத்த 'அசாமா' என்பதே இந்தியப் பட்டு இலக்கியத்தில் நூறாண்டுக்கு மேல் கோலோச்சியது. பிரெஞ்சுப் புதுச்சேரியில் தாவரவியலராக இருந்த பெரோத்தேயின் பெயரால் கெரென்-மேனவில் அங்கிருந்து சென்ற ஒரு பூச்சியைப் 'பெரோத்தேத்தி' என்று விவரித்தார். சோழமண்டலக் கரையின் தசர் பூச்சி அறிவியல் ஏட்டில் தனிப் பெயர் பெற்ற தருணம் அது; பிற்கால அட்டவணைகள் அதனைத் தசரின் கீழே அடக்கிவிட்டன. இலங்கைப் பூச்சிக்கு ஃபிரெடெரிக் மூர் 'சிங்களேசா' என்ற பெயரைத் தந்தார்.

இன்னொரு திசையில் பெயர் பூச்சியைவிட வெகுதூரம் பறந்தது. தசர் என்ற சொல் நெசவுத்தறியின் ஓடத்தைக் குறிக்கும் 'தசர' என்னும் வடசொல்லோடு தொடர்புடையது. ஆங்கிலத்தில் அது 'டஸ்ஸா' எனவும் 'டஸ்ஸோர்' எனவும் திரிந்து, கடைசியில் சீனத்தின் ஓக் மரப் பூச்சியாகிய அந்தெரேயா பெர்னியின் இழைக்கும் வணிகப் பெயராயிற்று. உலகச் சந்தையில் பின்னாளில் மிகுதியாக விற்ற டஸ்ஸா அதுதான். ஆக, இந்தியச் சொல்லைத் தாங்கிய துணி சீனப் பூச்சியுடையது. சீனத்தோடு நாம் தானாக இணைக்கும் 'பட்டு' என்ற சொல்லோ இந்திய மண்ணில் பிறந்தது. சொல்லைக் கொண்டு பூச்சியைத் தேடுவோர் இந்த இரட்டைக் குழப்பத்தில் சிறிது நேரம் நின்று யோசிக்க வேண்டும்.

ட்ரூரியின் பெட்டியின் மறுபாதிக்கு வருவோம். 'ஆப்பிரிக்கப் பட்டுப்பூச்சி' என்ற தலைப்பில் அருங்காட்சியகங்களிலும் வணிகப் பட்டியல்களிலும் ஒரே சொல்லால் சுட்டப்படுபவை ஒரே குடும்பத்தைக்கூடச் சேர்ந்தவை அல்ல. நைஜீரியாவின் யோருபா மக்கள் சிறப்பு நாள்களில் அணியும் 'சன்யன்' துணியின் இழை அனாஃபே இனத்திலிருந்து வருகிறது. அது நோட்டோடொன்டிடே குடும்பம். அப்புழுக்கள் தனித்தனிக் கூடு கட்டுவதில்லை. பல புழுக்கள் கூடி ஒரே பொதுக்கூட்டைப் பின்னி, அதனுள் தத்தம் உறையைச் செய்துகொள்கின்றன. கலகாரியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கிடைக்கும் கொனோமெட்டா லாசியோகாம்பிடே குடும்பம். அதன் கூட்டில் தோலை அரிக்கும் மயிர்கள் பொதிந்திருக்கும். தீவனத்தோடு அக்கூட்டை விழுங்கிய மாடுகளின் இரைப்பையில் பட்டு செரிக்காமல் அடைத்துக்கொண்டு அவை இறப்பதுண்டு. மடகாஸ்கரின் மேட்டுநிலத்தில் தாபியா மரத்தில் வாழும் 'லாண்டிபே' எனப்படும் பொரோசெராவும் லாசியோகாம்பிடேதான். இறந்தோரைப் போர்த்தும் 'லம்பா மேனா' துணி அதன் இழையால் நெய்யப்படுவது. நீண்ட வாலும் பெருஞ்சிறகும் கொண்டு படங்களில் எல்லோரையும் மயக்கும் அர்கெமா மட்டும் நம் தசரின் உறவாகிய சாட்டர்னிடே.

எனவே ஆப்பிரிக்கப் பட்டுப்பூச்சி ஒன்றை அடையாளம் காணச் சொன்னால், சிறகின் நிறத்தைப் பார்க்கும் முன் கேட்க வேண்டியவை வேறு. தனிக்கூடா, பொதுக்கூடா? கூட்டில் மயிர் உண்டா? எந்த மரம்? இம்மூன்று கேள்விகளிலேயே குடும்பம் ஏறக்குறைய தெரிந்துவிடும். சன்யன், லாண்டிபே என்ற ஊர்ப் பெயர்கள் இவ்வேறுபாட்டைச் சரியாகக் காத்து வந்தன. 'ஆப்பிரிக்கப் பட்டு' என்ற பொதுப்பெயரே அதை அழித்தது. வகைப்பாட்டியலில் பட்டு என்றொரு வகை கிடையாது; வெவ்வேறு குடும்பத்துப் பூச்சிகள் செய்யும் ஒரு வேலைக்கு மனிதன் கொடுத்த பெயர் அது.

இந்தியாவுக்குத் திரும்பினால், வழக்கு இன்னும் முடியவில்லை. 1979இல் இந்திய விலங்கியல் அளவைத் துறையின் வெளியீட்டில் அரோராவும் குப்தாவும் மைலிட்டாவைப் பாஃபியாவின் மறுபெயராகவே கொண்டார்கள். ஆனால் ராஞ்சியில் உள்ள மத்திய தசர் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த கட்டுரைகள் பெரும்பாலும் மைலிட்டா, ட்ரூரி என்றே எழுதுகின்றன. ஒரே பூச்சியைப் பற்றிய இரண்டு கட்டுரைகளைத் தேடுபொறியில் தேடும் மாணவர் இரண்டு பூச்சிகளைப் பற்றிப் படிப்பதாக எண்ணிக்கொள்ளக்கூடும். இதற்கிடையே டாபா, சுகிந்தா, ரைலி, மோடால், ஆந்திரா லோக்கல் என இடத்திற்கும் மரத்திற்கும் ஏற்ப வேறுபடும் சூழலினங்கள் பலவற்றைத் தசர் ஆய்வாளர்கள் பிரித்திருக்கிறார்கள். கூட்டின் பருமனும் நிறமும் கெட்டித்தன்மையும் அவற்றுள் வேறுபடும். பகி, ஜாரு என்று ராக்ஸ்பர்க்கிடம் சொன்ன நாட்டாரின் நுட்பம் இருநூறு ஆண்டு கழித்து ஆய்வுக்கூடத்தின் சொல்லாக மறுபடி பிறந்தது போலத் தோன்றுகிறது.

குரோமோசோம் எண்ணிக்கை ஓரளவு உதவுகிறது. பாலணுக்களில் மல்பெரிக்கு 28, இந்தியத் தசருக்கு 31, முகாவுக்கு 15, சீனத்துப் பெர்னிக்கு 49. ஒரே பேரினத்துக்குள் 15 முதல் 49 வரை விரியும் இவ்வீச்சைப் பார்த்தால், வெளித்தோற்றம் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பது விளங்கும். ஆனால் வரலாற்று மாணவருக்குக் குரோமோசோம் கிடைக்காது. அவர் கையில் கிடைப்பது, மிகுந்த நல்லூழ் இருந்தால், அரை அங்குல இழை.

இழையைப் படிக்கத் தொடங்கியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் லீக் நகரத்துச் சாயத் தொழிலர் தாமஸ் வார்டில். தசர் சாயத்தை எளிதில் ஏற்காமல் அடம்பிடித்ததால் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. மல்பெரி இழை உருண்டு திரண்டது, தசர் தட்டையானது. தட்டைப் பரப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால்தான் அதற்குக் கண்ணாடிச் சில்லு போன்ற மினுக்கம் என்று அவர் கண்டார். 1878 பாரிஸ் கண்காட்சியில் அவருடைய முயற்சியால் தசர் துணிகள் வைக்கப்பட்டன. இன்று மின்னணு நுண்ணோக்கி இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. மல்பெரி இழையின் குறுக்குவெட்டு முனை மழுங்கிய முக்கோணம். தசரினது அகன்ற ஆப்பு வடிவம், நெடுக்கில் வரிகளோடு. புரதமும் வேறு: மல்பெரியில் கிளைசின் மிகுதி, சாட்டர்னிடே இழைகளில் அலனின் மிகுதி.

இந்த வேறுபாடுதான் 2009இல் ஒரு பழைய முடிவை அசைத்தது. ஐரின் குட், ஜோனதன் மார்க் கெனோயர், ரிச்சர்ட் மெடோ ஆகியோர் ஹரப்பா, சன்ஹுதாரோ ஆகிய சிந்துவெளி இடங்களில் கிடைத்த அணிகலன்களில் ஒட்டியிருந்த இழைகளை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். காலம் ஏறத்தாழ கி.மு. 2450 முதல் 2000 வரை. இழைகள் சீன மல்பெரியினவாக இல்லை. காட்டுப் பட்டுப்பூச்சிகளில் குறைந்தது இரண்டு இனங்களுக்கு உரியவை என்றும், ஹரப்பா இழைகள் அந்தெரேயா இனங்களை ஒத்தவை என்றும் அவர்கள் முடிவு கட்டினார்கள். சன்ஹுதாரோ இழை கூட்டிலிருந்து நீளமாகச் சுற்றி எடுக்கப்பட்டதன் அறிகுறியைக் காட்டியது. சுற்றி எடுக்கும் நுட்பம் சீனத்துக்கு மட்டும் உரியது, காட்டுப்பட்டை நூற்க மட்டுமே முடியும் என்ற பாடநூல் கூற்றுக்கு இதன்பின் இடமில்லை. இதற்கு முன்பே மகாராஷ்டிரத்தின் நேவாசாவில் செப்புக்காலக் குழந்தை ஒன்றின் கழுத்திலிருந்த செம்பு மணிகளைக் கோத்த நூலில் பருத்தியோடு பட்டும் இருந்ததாகக் குலாட்டி 1961இல் எழுதினார். ஆனால் அக்குறிப்பைத் தொல்லியலார் வட்டத்திற்கு வெளியே யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ஹரப்பா இழைகளை இனம் வரை சென்று பெயரிட்டதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவற்றுள் ஒன்றை முகாவோடு ஒப்பிட்டார்கள். இன்று முகா பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கிலும் அதனை அடுத்த மலைகளிலும் வாழ்வது. அங்கிருந்து ராவி ஆற்றங்கரை வரை வணிகம் நடந்ததா, அப்பூச்சி அன்று பரவலாக வாழ்ந்ததா, அல்லது இன்று அழிந்துபோன உறவினம் ஒன்றின் இழையா? நாலாயிரம் ஆண்டு உலோகத் துருவில் கிடந்த இழை சுருங்கி உருமாறியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மல்பெரியா, சாட்டர்னிடேயா என்ற எல்லை வரை எனக்கு நம்பிக்கை உண்டு. அதற்கு அப்பால் ஒப்புமைகள் மட்டுமே. அந்த முதல் எல்லையே வரலாற்றுக்குப் போதுமான அளவு பெரியது.

இதைத் தமிழ்ச் சான்றுகளின் மேல் வைத்துப் பார்ப்போம். தென்னாட்டில் மல்பெரிப் புழு வளர்ப்பு பொதுவாகத் திப்பு சுல்தான் மைசூரில் எடுத்த முயற்சியோடு, 1780களில்தான் தொடங்குகிறது. எங்கள் சித்தூர்ப் பகுதியின் மல்பெரித் தோட்டங்கள் அந்த மைசூர் மரபின் கிழக்கு ஓரம். அதற்கு முன் இங்கு நெய்யப்பட்ட மல்பெரிப் பட்டு வணிகத்தின் வழி வந்த நூல். தசருக்கு அப்படி வர வேண்டிய தேவையில்லை. மருதும் இலந்தையும் கிழக்குத் தொடர்ச்சி மலையெங்கும் இருந்தன. ஆகவே சங்ககாலப் பட்டு கப்பலில் வந்ததா, காட்டிலிருந்து வந்ததா என்பது திறந்த கேள்வி. தமிழனே பட்டைக் கண்டுபிடித்தான் என்று சிலர் இதை உடனே எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அவர்களுக்கும், எல்லாமே சீனத்திலிருந்து வந்தது என்பவர்களுக்கும் இப்போதைக்கு என்னிடம் ஒரே விடைதான் உண்டு: இழையைக் காட்டுங்கள்.

கருவிகளை வைத்து இக்கேள்வியைத் தீர்க்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கீழடியில் தக்களிகள் கிடைத்துள்ளன. தக்களி பருத்தியையும் நூற்கும், எரியையும் நூற்கும். சுடுமண் வட்டு இரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது. தசர் இன்னும் கடினம். நடு இந்தியாவிலும் பீகாரிலும் பெண்கள் வேகவைத்த கூட்டிலிருந்து இழையை இழுத்துத் தொடையின் மேல் உருட்டியே நூலாக்கி வந்தார்கள். அந்தத் தொழில் ஆயிரம் ஆண்டு நடந்தாலும் மண்ணுக்குள் ஒரு கருவியையும் விட்டுச் செல்லாது.

மீதி இருப்பது துரு. நம் தட்பவெப்பத்தில் துணி மக்கிவிடும். ஆனால் செம்பும் வெண்கலமும் துருப்பிடிக்கும்போது அவ்வுலோகத்தின் உப்பு அருகிலுள்ள இழையைக் கிருமிகள் தின்னாமல் காக்கும்; சில வேளைகளில் இழையின் வடிவத்தைத் தன்னுள் அச்சாக எடுத்தும் வைத்திருக்கும். ஹரப்பாவில் நடந்தது இதுவே. ஆதிச்சநல்லூர் முதல் கொடுமணல் வரை நம் ஈமச் சின்னங்களில் கிடைத்த செம்பு, வெண்கலப் பொருள்களில் மணி கோத்த துளைகளும், துணியில் சுற்றி வைத்த பரப்புகளும், வளையங்களின் உட்புறமும் இந்நோக்கில் பார்க்கத் தக்கவை. அருங்காட்சியகச் சேமிப்பறைகளிலும் பாதுகாப்பு ஆய்வகங்களிலும் பணியாற்றும் நண்பர்கள் இப்பதிவைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: பச்சைத் துருவைச் சுரண்டித் தூய்மை செய்யும் முன், பத்து மடங்கு உருப்பெருக்கும் கைவில்லை ஒன்றால் துளைகளின் ஓரத்தை ஒருமுறை பாருங்கள். இழை தென்பட்டால் அதைத் துருவோடு சேர்த்தே எடுத்து வையுங்கள், நீரிலோ அமிலத்திலோ இட வேண்டாம். அதன் குறுக்குவெட்டு முக்கோணமாக இருந்தால், புகாரின் பட்டு எந்தத் திசையிலிருந்து கப்பலேறியது என்று தேடலாம். தட்டையாக இருந்தால், பட்டினப்பாலை உரையின் ஒரு வரியைத் திருத்தி எழுத வேண்டும்.